பாரமாக வந்த சம்பந்தி

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது சூபாங் தன் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கவலைப்பட வேண்டாம், வெளியே வந்துவிட்டாள். முகமெல்லாம் கிரீஸ், முடியெல்லாம் துரு, வாய் கொள்ளாத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு ஆயுள் எவ்வளவு என்பதுதான் இந்த வாரக் கதை.

நாளை சனிக்கிழமை. மலை மேலே பா லுவெங் கிராமத்தில் பெயர் மாற்று விருந்து. சூபாங்கின் அண்ணன் லியானுக்கும் அண்ணி ரினாய்க்கும் பிறந்த எஸ்தருக்கு ஏழு மாதம் ஆகிறது. பிள்ளை பிறந்தால் பெற்றவர்களின் பெயர் மாறும், தாத்தாக்களின் பெயரும் மாறும். ஊரே கூடி, புதுப் பெயரை மூன்று முறை உரக்கக் கத்தி ஒப்புக்கொள்ளும். லியான் மேலே பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறான். ரினாயும் குழந்தையும் இன்னும் கீழே மிரி நகரத்தில் இருக்கிறார்கள். விமானத்தில் இடமில்லை, விருந்துக்கு வருகிறவர்களே எல்லா இருக்கையையும் பிடித்துவிட்டார்கள்.

"நான் கொண்டு வந்து சேக்கிறேன்" என்று அண்ணனிடம் வாக்குக் கொடுத்தவள் சூபாங். அந்த மலைப்பாதையில் ஆளும் சாமானும் ஏற்றுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. வாக்குக் கொடுத்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மரலாரிகளின் சக்கரம் போன இடமெல்லாம் முழங்கால் ஆழப் பள்ளம் விழுந்தது. இரண்டு பள்ளத்துக்கும் நடுவே நிற்கும் மண்மேட்டில் அவளுடைய கிழட்டு வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். சக்கரம் நாலும் காற்றில் சுற்றும், வண்டி நகராது.

வண்டியை உயர்த்த வேண்டும். அதற்கான புது ஸ்பிரிங் செட்டுக்கு மிரிக் கடைக்காரன் ஓர் எருமையின் விலை சொன்னான். சூபாங் நேரே பழைய மரம்வெட்டி முகாமுக்குப் போனாள். அங்கே பல வருஷமாகப் புல்லுக்குள் செத்துக் கிடக்கிற ஒரு லாரி உண்டு. முகாம் காவல்காரனிடம் புகைபோட்ட பன்றித்தொடை ஒன்றைக் கொடுத்துவிட்டு, இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லாரியின் பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றினாள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி ஏறி நின்று திருகினாள். தடித்த பட்டைகளாகப் பார்த்து எடுத்து, சுருண்ட நுனிகளை வெட்டி எறிந்துவிட்டு, தன் வண்டியின் பட்டைகளுக்கு நடுவே செருகி இறுக்கினாள். முன்பக்கத்துக்கும் அதே வைத்தியம். பிரேக் குழாய் எட்டாமல் போகவே, அதையும் மறக்காமல் நீளமாக மாற்றினாள். வண்டி இரண்டு கை உயரம் எழும்பி நின்றது.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. நேற்று மலையிலிருந்து இறங்கும்போது தேவாலயப் பாடகர் குழு முழுவதும் பின்னால் ஏறியிருந்தது. அன்னாசிக் கூடைகளும் நெல் மூட்டைகளும் கூடவே. வண்டி தொட்டில் மாதிரி ஆடி ஆடி வந்தது. பாடகர் குழுவில் பாதிப் பேர் தூங்கியே போனார்கள். சூபாங் அவ்வளவு சந்தோஷமாக அந்தப் பாதையில் ஓட்டியதே கிடையாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சூபாங்கின் அப்பா லுகுன் பின்பக்கப் பலகையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். பேத்தியைத் தானே மலைக்கு அழைத்துப் போவேன் என்று நேற்று கூடவே இறங்கி வந்தவர் அவர். ரினாய் குழந்தையோடு முன்னால் ஏறினாள். வண்டி தெருமுனைக்கு வந்தது. அங்கே ஒரு வேகத்தடை, குழந்தைகூடத் தாண்டிவிடும் உயரம்.

வண்டி அதில் ஏறி இறங்கியதும் லுகுனின் தொப்பி ஒரு பக்கம் பறந்தது, லுகுன் ஒரு பக்கம் பறந்தார். எஸ்தரின் தலை அம்மாவின் தாடையில் இடித்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

ரினாய் முறைக்கு அண்ணி, வயதில் சூபாங்குக்கு இளையவள், அமைதியான பெண். அமைதியாகவே இறங்கினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுல என் புள்ளைய ஏத்த மாட்டேன். இது வண்டி இல்ல, உரல்."

சூபாங் இறங்கிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பின்புறம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது. பட்டைகள் துளி கூட வளையவில்லை. நாலு டன் மரம் சுமந்த லாரியின் பட்டைக்கு, ஒல்லியாக ஒரு கிழவர் உட்கார்ந்ததே தெரியவில்லை. அந்தப் பாதையில் எந்த வண்டியும் காலியாக ஓடியதில்லை. காலியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதும் இல்லை. நாளைக்குப் பிள்ளை இல்லாமல் ஊர் கூடி உட்கார்ந்திருக்கும், அண்ணன் வழியையே பார்த்துக்கொண்டு நிற்பான் என்று நினைத்தபடி சூபாங் ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

பட்டையைக் கழற்றிவிடலாம். ஆனால் அதற்குள் மதியமாகிவிடும், கழற்றிய வண்டியும் மண்மேட்டில் மறுபடி வயிறு தட்டி நிற்கும். அரிசி மூட்டை ஏற்றலாமா என்று ரினாய் கேட்டதும் லுகுனுக்குச் சுருக்கென்று வந்தது. நாடெல்லாம் தேடி வாங்குகிற நெல் விளையும் ஊருக்கு, கீழேயிருந்து அரிசி மூட்டையோடு போய் இறங்கினால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள் என்றார். மணல் மூட்டை என்றால்? மழையில் வழுக்குகிற எருமை ஏற்றத்தில் வண்டி ஏற, பாரத்தை இறக்கித்தான் தீர வேண்டும், அத்தனை மூட்டையையும் முதுகில் சுமந்து மேலே கொண்டு போவது யார்?

"அப்ப, ஏத்தம் வந்தா தானா இறங்கி நடக்கிற பாரம்தான் வேணும்" என்றாள் சூபாங்.

ஆனால் ஆள் எங்கே? பாடகர் குழு கடைவீதி வேலைகளுக்காக நாளை விடிகாலை வரை நகரத்தில்தான் இருக்கும். மற்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் பறந்து போய்விட்டார்கள்.

ரினாய் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கப்பா இருக்காரு."

லுகுன் தன் தொப்பியைத் தட்டித் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே இரண்டு முறை துடைத்த தொப்பி.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தச் சண்டை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி: ரினாயின் அப்பா பெலாவன், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் சமைத்ததைத் தானே ருசி பார்த்து வளர்ந்த உடம்பு. தாத்தாவானதும் சூட்டிக்கொள்ள ஒரு பெயரை யோசித்து வைத்திருந்தார், 'பலாங் லாங்கிட்'. வானத்துப் புலி என்று அர்த்தம். அதே பெயரை லுகுனும் யோசித்து வைத்திருந்தார். யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார் என்பதில் இரண்டு குடும்பமும் இரண்டு கட்சி. ஒரே மேடையில் இரண்டு சம்பந்திகள் ஒரே பெயரை எடுத்தால் ஊர் சிரிக்கும். ஆகவே பெலாவன் விருந்துக்கே வரமாட்டேன் என்று மூன்று வாரமாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

சூபாங் போனபோது பெலாவன் வீட்டு வாசலில் அடுப்பு வைத்து வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கரண்டியை வேகமாகத் திருப்பினார்.

"மாமா, விருந்துக்குக் கூப்பிட வரல" என்றாள் சூபாங். "வண்டிக்குப் பாரம் பத்தல."

பெலாவன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னை மூட்டைன்னு சொல்றியா?"

"மூட்டை ஏத்தத்துல இறங்கி நடக்காது மாமா. நீங்க நடப்பீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் தெருக்கோடியில் ரினாய் நிற்பதைப் பார்த்துவிட்டார். குழந்தையின் நெற்றியை அவள் தடவிக்கொண்டிருந்தாள். பெலாவனின் குரல் இறங்கியது. அடி பலமா என்று கேட்டார். லேசாகத்தான், ஆனால் பாதை முழுக்க இப்படியே இடிக்கும் என்று சூபாங் ஒளிக்காமல் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்தார்.

"பாரமாத்தான் வரேன், விருந்தாளியா இல்ல. எருமை ஏத்தம் தாண்டினதும் என்னை இறக்கி விட்டுடணும். கீழ வர்ற வண்டியப் புடிச்சு நான் திரும்பிடுவேன்." பிறகு ஞாபகம் வந்தவராக, "உங்கப்பா இருக்காரா அதுல?" என்றார்.

"இருக்காரு. ஆனா அவரு பாரத்துல சேத்தி இல்ல, ரொம்ப லேசு."

பெலாவனுக்கு அது பிடித்திருந்தது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

பெலாவன் ஏறி அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்ததும் வண்டி பெருமூச்சு விட்டது போல் இறங்கியது. அப்பாவை எதிர்ப்பலகையில் உட்காரச் சொல்லி, விருந்துச் சமையலுக்கு வாங்கிய இரண்டு எரிவாயு உருளைகளை அவர் பக்கத்தில் சாய்த்துக் கட்டி, தராசைச் சமம் செய்தாள் சூபாங். ரினாய் குழந்தையோடு முன்னால் ஏறி, இறங்கத் தோதாகக் கதவைத் திறந்தே பிடித்திருந்தாள். சூபாங் வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்கினாள். குழந்தையின் தலை அசையவில்லை. ரினாய் கதவைச் சாத்திக்கொண்டாள், சூபாங்குக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

தார்ச்சாலை முடிந்து மண்பாதை வந்தது. பின்னால் சம்பந்திகள் இரண்டு பேரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒருவர் இடப்பக்கக் காட்டையும் மற்றவர் வலப்பக்கக் காட்டையும் மும்முரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடி எப்போதோ உடைந்து போனது, அதனால் சூபாங்குக்கு எல்லாம் கேட்டது. கேட்க ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட லுகுன் அவளிடம் சொல்வார், அவள் பெலாவனிடம் சொல்வாள், பெலாவன் காலடியிலிருந்த குப்பியை அவளிடமே நீட்டுவார். நடு வழியில் இலையில் மடித்த குழைசோற்றைப் பிரித்தபோது, பெலாவன் தன் வாழைப்பழப் பொட்டலத்தை லுகுன் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுக் காட்டைப் பார்த்தார். லுகுனும் காட்டைப் பார்த்தபடியே நாலு துண்டு எடுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் மழை தூறியது. எருமை ஏற்றத்தின் அடிக்கு வந்தபோது செம்மண் சோப்பு போட்டது மாதிரி பளபளத்தது.

சம்பந்திகள் இறங்கினார்கள். ரினாயும் இறங்கலாமா என்று யோசித்தாள். கையில் குழந்தையோடு அந்தச் சேற்றில் ஏறுவதைவிட வண்டியே மேல் என்று உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை மார்போடு துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தாள்.

"மெதுவா போங்கக்கா."

"நத்தை தோத்துடும் பாரு."

வண்டி ஏறியது. போன மாதம் வயிறு தட்டி, நாள் முழுக்க மண்வெட்டியோடு மாரடித்த இடம். இப்போது நடுமேட்டு மண் வண்டியின் வயிற்றை உரசக்கூட இல்லை. செத்த லாரி தன் உயிரைக் கொடுத்துத் தூக்கிவிட்ட வண்டியல்லவா? சூபாங் சந்தோஷத்தில் சீட்டியடிக்க ஆரம்பித்தாள். பாதி ஏற்றம் வரைதான் அந்தச் சீட்டி.

பாதியில் பின்சக்கரம் குதிக்க ஆரம்பித்தது. பாரமில்லாத விறைத்த பட்டை, சக்கரத்தை மண்ணில் அழுத்தாமல் தூக்கித் தூக்கிப் போட்டது. பிடிப்பு போயிற்று. வண்டி நின்ற இடத்திலேயே சேறு வாரி இறைத்தது, பிறகு மெல்லப் பின்னால் நழுவியது. இடப்பக்கம் பள்ளத்தாக்கு. ரினாய் மற்ற கையால் குழந்தையின் தலையைப் பொத்திக்கொண்டாள்.

சூபாங் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் தலையை நீட்டினாள். இரண்டு பேரும் பின்பக்கக் கம்பியில் ஏறி நின்று குதிக்க வேண்டும் என்றாள்.

கிழவர்கள் ஏறினார்கள். நிற்க இடமிருந்த அகலத்தில் பெலாவனே முக்கால்வாசி. லுகுன் அவருடைய பெல்ட்டைப் பிடித்துத் தொங்கினார். பெலாவன் குதித்தபோது லுகுன் இறங்கினார், லுகுன் குதித்தபோது பெலாவன் மூச்சு வாங்கினார். வண்டி இன்னும் ஒரு முழம் நழுவியது.

"ஒண்ணா குதிங்க" என்றாள் சூபாங். "ஏதாச்சும் சொல்லிக்கிட்டே ஒண்ணா குதிங்க. புள்ள உள்ள இருக்கு."

பின்னால் லுகுனின் கீச்சுக்குரல் எழுந்தது.

"பலாங்…"

பெலாவனின் கனத்த குரல் விழுந்தது.

"லாங்கிட்!"

அந்த 'கிட்'டில் இரண்டு பேரும் சேர்ந்து கம்பியின் மேல் விழுந்தார்கள். பட்டைகள் அந்த ஏற்றத்தில் முதல் முறையாக ஒழுங்காக வளைந்தன, சக்கரம் மண்ணைக் கவ்வியது. சூபாங் மிதித்தாள். பலாங், லாங்கிட். பலாங், லாங்கிட். வண்டி ஓர் அடி ஏறியது, இரண்டடி ஏறியது. பக்கத்தில் ஏதோ புதுச் சத்தம் கேட்டுச் சூபாங் திரும்பினாள். எஸ்தர், பொக்கை வாயைத் திறந்து, ஒவ்வொரு 'லாங்கிட்'டுக்கும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரினாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, கண்ணைத் துடைக்கத்தான் கை இல்லை.

உச்சியில் சமதளத்துக்கு வந்து வண்டி நின்றது. கிழவர்கள் இரண்டு பேரும் தலை முதல் கால் வரை சேறு. யார் லுகுன், யார் பெலாவன் என்று பருமனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கீழே இறங்கத் தன் முறை வருவதற்காக மேலே ஒரு வண்டி காத்திருந்தது. ஓட்டுநர் தெரிந்தவன். மிரிக்குத்தான் போகிறான், முன்னால் இடமும் இருக்கிறது. பெலாவன் பேச்சு மாறாத மனிதர். மகளுக்குக் கையசைத்தார், பேத்தியின் கன்னத்தைத் தொட வந்து, கையின் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். போகாதீர்கள் என்று சொல்ல ரினாய்க்கு வாய் வரவில்லை. சூபாங்குக்கு வாய் இருந்தது, ஆனால் பாரமாக மட்டும் வந்தால் போதும் என்று பேசி அழைத்து வந்தவளே அவள்தான்.

எஸ்தர் அழ ஆரம்பித்தாள்.

ரினாய் தட்டிக்கொடுத்துப் பார்த்தாள், பால் கொடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. லுகுன் ஓடி வந்து ஜன்னலில் முகத்தை நீட்டினார்.

"பலாங்…" என்றார்.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. கண்ணை விரித்துக்கொண்டு காத்திருந்தது. மீதி வரவில்லை. உதடு பிதுங்கியது.

"பலாங்…" என்றார் லுகுன் மறுபடி. மீதியையும் அவரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைத் திருப்பி, அந்த இன்னொரு வண்டியைப் பார்த்தார். மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சம்பந்தியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

பெலாவன் ஒரு காலை வண்டிக்குள் வைத்துவிட்டிருந்தார். அப்படியே நின்றார். அந்த ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பினான்.

"லாங்கிட்" என்றார் பெலாவன், மெதுவாகத்தான்.

எஸ்தர் சிரித்தாள். பெலாவன் காலை வெளியே எடுத்தார்.

"நம்ம வண்டிக்கு இன்னும் பாரம் வேணும்ல?" என்று சூபாங்கிடம் கடுகடுப்பாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்னால் ஏறினார். லுகுனும் ஏறித் தன் பலகையில் உட்கார்ந்தார். பெலாவன் எதிர்ப்பலகைக்குப் போகவில்லை. லுகுனின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தள்ளி உட்காரச் சொல்ல வாயெடுத்த சூபாங், மனம் வராமல் கியரைப் போட்டாள். சாய்ந்தபடியே அந்த வண்டி பா லுவெங் வரை போயிற்று, வழியெல்லாம் இரண்டு தொண்டைகளும் கட்டிப்போகிற வரை கத்திக்கொண்டே.

ஊர் எல்லையில், வயலோரத்தில் லியான் ஓடி வந்தான். மனைவியைப் பார்த்தான், குழந்தையை வாங்கி முகர்ந்தான், தங்கையின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான். சூபாங்குக்கு அன்றைய கூலி அதுவே. பிறகுதான் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு சேற்று உருவங்கள் அவன் கண்ணில் பட்டன.

மேடையில் அறிவிக்கிற பெரியவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாராம், இன்று இரவுக்குள் பெயரைச் சொல்லியாக வேண்டுமாம். "சண்டை தீந்துச்சுல்ல? பலாங் லாங்கிட் யாரு?" என்றான் லியான்.

"அவரு" என்றார் லுகுன்.

"அவரு" என்றார் பெலாவன், அதே நொடியில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். லுகுன் தாடையை இறுக்கினார். பெலாவன் கையைக் கட்டிக்கொண்டார். மூன்று வாரமாகக் குடும்பமே பார்த்துச் சலித்த அதே முகங்கள். எடுத்துக்கொள்ளச் சண்டை போட்டபோதாவது இருவரில் ஒருவரை விட்டுக்கொடுக்கச் சொல்ல முடிந்தது.

"நான் எடுக்க மாட்டேன்" என்றார் பெலாவன்.

"நானும்தான்" என்றார் லுகுன்.

லியான் தங்கையைப் பார்த்தான். "ஏண்டி, நாளைக்கு ஊரு என்னத்தக் கத்தும்?"